அத்தானின் சைக்கிளைக் கரைத்த கதை

அன்று காலை எங்கள் முற்றத்தில் நின்றவர்கள் இரண்டே பேர்: நானும் என் நண்பன் நிசாமும். நிற்காதவர்கள் நான்கு பேர்: கடலுக்குப் போயிருந்த அப்பா, அரிசி வாங்கத் தோப்பூருக்குப் போயிருந்த அம்மா, டவுனில் புடைவைக்கடை வேலைக்குப் போயிருந்த அக்கா, ஏதோ ஒரு சமுத்திரத்தில் கப்பலின் எஞ்சின் அறைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த அத்தான். அந்த நால்வரில் யாராவது ஒருவர் அன்று வீட்டில் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது. நின்ற இருவரில் ஒருவனுக்கு மூளை வேலை செய்தது. அது நானில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து வைக்கும்போது பேனையைத் துடுப்புப் பிடிப்பது போலப் பிடிப்பார். அம்மா மூன்றாம் வகுப்பு. அக்கா கெட்டிக்காரி. ஆனால் நான் படிக்க வேண்டும் என்பதற்காகச் சாதாரணதரப் பரீட்சையோடு நிறுத்திவிட்டுப் புடைவைக்கடைக்குப் போனவள். ஆகவே உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு ‘பி’ எடுத்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் நான்தான் வைத்தியர், வழக்கறிஞர், மின்பொறியியலாளர். மருந்துப் போத்தலை என்னிடம் காட்டிவிட்டுத்தான் குடிப்பார்கள். கரண்ட் பில்லை நான் பார்த்து ‘ஓம், சரி’ என்ற பிறகுதான் கட்டுவார்கள். (நான் பார்க்காவிட்டாலும் அதே தொகைதான். ஆனாலும் பார்க்க வேண்டும்.)

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நான் பயந்தவன். சின்ன வயதில் கடலுக்குப் பயம், நாய்க்குப் பயம், பங்குத் தந்தைக்குப் பயம். படித்ததால் அந்தப் பயம் எதுவும் போகவில்லை. எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்ற பட்டியல் நீண்டதுதான் மிச்சம்.

அத்தான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அவர் இன்னும் அத்தான் ஆகவில்லை. கப்பல்துறை என்ற ஊரில் இருந்து கண்டி வீதி நீளத்துக்கு ஒரு மவுண்டன் பைக்கை மிதித்துக்கொண்டு வந்து, அக்காவின் கடைக்கு எதிரே நின்று, ரயருக்குக் காற்றுப் போதுமா என்று பார்ப்பது போலப் பத்து நிமிடம் பார்ப்பார். அந்த ரயரில் எந்தக் காலத்திலும் காற்றுக் குறைந்ததில்லை. இப்படித்தான் அக்காவின் காதல் வளர்ந்தது.

அந்தச் சைக்கிள் அவருக்கு உயிர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அரை விலைக்கு வாங்கியது. கப்பல் வேலைக்குப் போகும்போது தன் வீட்டில் விட்டால் தாயார் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார் என்ற பயத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். “தம்பி, நீ பாத்துக்கொள்ளுவாய் எண்ட நம்பிக்கையிலதான் விடுறன்” என்றார். நானும் பார்த்துக்கொண்டேன். உள்துறைமுகத்து உப்புக் காற்றில், வலைக் கொட்டிலுக்குப் பக்கத்தில், பத்து மாதம் அது நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டேன்.

அவர் வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது. காரணம், அவருடைய தாயார். அவரை மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமி கல்யாணத்துக்கு ‘ஓம்’ சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. ‘பாப்பம்’ என்றிருந்தார். மகன் வந்து இறங்குகிற ஞாயிறே பூசை முடிய எங்கள் வீட்டுக்கு வந்து ‘பாப்பதாக’ ஏற்பாடு. எங்களிடம் காணி இல்லை, காசு இல்லை. அப்பாவிடம் ஒரு படகும் அதைவிட வயதான ஒரு எஞ்சினும் இருந்தன. மாமி எங்களைப் பற்றி வெளியில் சொன்ன ஒரேயொரு நல்ல வார்த்தை, “அந்த வீட்டில ஒரு படிச்ச பொடியன் இருக்கிறான்” என்பதுதான். அதாவது சபையில் வைக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே சாமான் நான்.

படித்த பொடியன் யோசித்தான். சைக்கிளைப் பிரித்து, துரு எடுத்து, புதுப் பெயின்ற் அடித்து, அத்தான் வந்து இறங்கும்போது பளபளவென்று நிறுத்தினால் எப்படி இருக்கும்? சீதனத்துக்குப் பதில் இல்லை, சரி. ஆனாலும் ஒரு மரியாதை.

நிசாம் கிண்ணியாக்காரன். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பாதியில் விட்டுவிட்டு, இப்போது த்ரீவீல் ஓட்டுகிறான். சாவி, குறடு நிறைந்த ஆயுதப் பெட்டியோடு வந்தான். சில்லு, செயின், பெடல், பெடல் அச்சு எல்லாம் ஒரு நாளில் கழன்றுவிட்டன. முன் சில்லைத் தாங்குகிற இரட்டைக் கிளையான முன் கவரைக் கழற்றத் தேவையில்லை என்று அப்படியே விட்டோம். (இந்த முன் கவரை வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்திருக்கவும்.) கழலாத ஒன்றே ஒன்று, சீற்றைத் தாங்குகிற பைப். அது பிரேமுக்குள் இறங்கி, உப்பு ஏறி, பிரேமோடு ஒன்றாகிவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டோம். டீசல் விட்டோம். சுத்தியலால் தட்டினோம். பெரிய குறட்டால் பிடித்து இரண்டு பேரும் திருகினோம். பிரேம் சுற்றியது, பிரேமோடு சேர்ந்து நாங்கள் சுற்றினோம், பைப் மட்டும் சுற்றவில்லை.

“விடு மச்சான். பைப் இறுகினா என்ன? சீற்ற அந்த உசரத்திலயே பூட்டிப்போட்டுக் குடு. அவர் வளரப் போறாரா?” என்றான் நிசாம்.

அந்த இடத்தில் விட்டிருந்தால்.

அன்றிரவு கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கேயோ ஒரு ஆள், இதே மாதிரி இறுகிய அலுமினியப் பைப்பை, கோஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றியே கரைத்து எடுத்தான். பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது என் பாடம்! சோடியம் ஐதரொட்சைட்டு அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பைத் தொடாது. பரீட்சையில் சமன்பாடு எழுதி நான்கு புள்ளி வாங்கியிருக்கிறேன். பைப் அலுமினியம், அது பார்க்கவே தெரிந்தது. பிரேம் இரும்பு என்றால் வேலை முடிந்தது. பதின்மூன்று வருடப் படிப்பு முதன்முதலாக வீட்டுக்கு உதவப்போகிறது.

மறுநாள் காலை. மேலே சொன்ன இரண்டு பேர். அக்காவின் பாத்திரம் கழுவும் ரப்பர்க் கையுறை, அப்பாவின் கடல் மழைக்கோட்டு, அப்பா சங்கு குளிக்கப் போடும் முகக் கண்ணாடி, மூன்றையும் அணிந்துகொண்டு நான் முற்றத்துக்கு வந்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா அன்ரி வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

“மச்சான்” என்றான் நிசாம், “பிரேம் இரும்புதானா? பாத்தனியா?”

நல்ல கேள்வி. நான் விஞ்ஞானி. ஊகிக்க மாட்டேன், சோதிப்பேன். நிசாமின் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை எடுத்தேன். சைக்கிள் வலைத் தூணில் நிமிர்த்திக் கட்டப்பட்டிருந்தது. எனக்குக் கிட்ட இருந்த பகுதியில் காந்தத்தை வைத்தேன். ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது.

“இரும்பு” என்றேன்.

“சரி” என்றான் நிசாம்.

எனக்குக் கிட்ட இருந்த பகுதி எது என்று வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். முன் கவர். அது இரும்புதான். மற்றது முழுக்க அலுமினியம்.

பெடல் அச்சு இருந்த ஓட்டையைப் பழைய செருப்பு ரப்பரால் இறுக்கி அடைத்தேன். கரைசலை மேலிருந்து பைப்புக்குள் ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. பாம்பு மூச்சுவிடுவது போல. பிறகு பைப் வாயில் நுரை. பிறகு ஆவி. பிரேமைத் தொட்டுப் பார்த்த நிசாம் கையை உதறிக்கொண்டு துள்ளினான்.

“டேய், கொதிக்குதுடா!”

“கொதிக்கத்தான் வேணும். அது தாக்கம்” என்றேன். குரல் விஞ்ஞானியுடையது. கால்கள் என்னுடையவை, அவை ஏற்கெனவே ஓரடி பின்னால் போயிருந்தன.

நிசாம் பயத்தைத் தணிக்கக் காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்தான். லைட்டரையும் எடுத்தான். அப்போதுதான் எனக்குச் சமன்பாட்டின் வலது பக்கம் ஞாபகம் வந்தது.

“பத்த வையாதே! பத்த வையாதே! ஐதரசன் வருகுது!”

“வந்தா?”

“நெருப்புக் காட்டினா ‘பொப்’ எண்டு சத்தம் வரும்.”

“பொப் எண்டா எவ்வளவு பொப்?”

“பரிசோதனைக் குழாயில செய்தா சின்னப் பொப்.”

நிசாம் தூணில் கட்டியிருந்த பிரேமை மேலிருந்து கீழே பார்த்தான். “இது பரிசோதனைக் குழாயாடா?”

இரண்டு பேரும் மெல்ல மெல்லப் பின்வாங்கினோம். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அன்ரி நண்டு அவிக்க வெளி அடுப்பை மூட்டினார். விறகுப் புகை எங்கள் பக்கம் வந்தது. நான் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, முகக் கண்ணாடியோடு, “அன்ரி, தயவுசெய்து அடுப்பை அணையுங்கோ” என்று கெஞ்சினேன். படித்த பொடியன் சொன்னால் காரணம் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? பாவம், அணைத்துவிட்டார். அன்று அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு கடைப் பாணும் வாழைப்பழமும்.

மத்தியானம்வரை நான்கு தடவை ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் வெடிக்கப்போகிறது என்று மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். வெடிக்கவில்லை. ஐந்தாவது தடவை நிசாம் குறட்டால் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். நாய் சப்பிய கரும்புச் சக்கை போல, பைப் வெளியே வந்துவிட்டது!

நான் கத்திய கத்தலில் உள்துறைமுகத்துக் கப்பல்களுக்குக் கேட்டிருக்கும். நிசாம் என்னைத் தூக்கிச் சுற்றினான். “படிச்சவன் படிச்சவன்தான்டா!” என்றான். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பெருமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மொத்தம் இருபது நிமிடம் நீடித்தது.

இருபதாவது நிமிடம், தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது, பெடல் அச்சுக்கு நாலு விரல் மேலே, பிரேமின் வெளிப்பக்கத்தில் ஒரு துளி நீர் நின்றது. துடைத்தேன். மறுபடி வந்தது. துடைத்தேன். பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்து வந்தது. பெயின்றை நகத்தால் சுரண்டினேன். உள்ளே உலோகம் அப்பளம் மாதிரி இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காந்தத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். அது நேரே என் கால் பெருவிரலில் விழுந்தது.

வலித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நான் அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிசாம் காந்தத்தை எடுத்து மேலே, கீழே, குறுக்கே என்று பிரேம் முழுக்க வைத்துப் பார்த்தான். எங்கும் ஒட்டவில்லை. கடைசியில் முன் கவரில் வைத்தான். ‘டக்.’

“மச்சான்” என்றான் மெதுவாக, “நீ மாப்பிள்ளையிட சைக்கிளைக் கரைச்சுப்போட்டாய்.”

இப்போது சொல்கிறேன்: அந்த நிமிடமே அத்தானுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் நல்ல மனிதர். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் அத்தான் வரவில்லை, மாமி வந்தார். ‘அந்த வீட்டில ஒரு படிச்ச பொடியன் இருக்கிறான்’ என்று சொன்ன வாய் இப்போது என்ன சொல்லும்? அக்காவின் கல்யாணம் என் செருப்பு ரப்பருக்குள்ளால் ஒழுகிப்போகிறதே!

ஆகவே மறைத்தோம். த்ரீவீலின் நெளிவுக்கு அப்புகிற பட்டியை ஓட்டைகளில் அப்பி, தேய்த்து, அப்பா படகுக்கு வாங்கி வைத்திருந்த நீலப் பெயின்றை இரண்டு தடவை அடித்தோம். நிசாம் தன் கைக்காசில் ஒரு புதுச் சீற் பைப் வாங்கி வந்து பூட்டினான். ஐயோ, என்ன வடிவு! கடலில் விட்டால் மிதக்கும் போல இருந்தது.

“பாக்கிறதுக்கு மட்டும்தான் இது” என்றான் நிசாம். “ஓட விட்டியோ, ஜெயிலுக்குள்ள போறது நீதான்.”

அத்தான் வந்து இறங்கியதும் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்பது என் திட்டம். அந்த எட்டு நாளும் நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பழகினேன் தெரியுமா? கிணற்றடியில் வாளிக்குச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து, கேட்டு, அழித்தேன். அத்தான் கப்பலிலிருந்து, “தம்பி, சைக்கிள் என்ன மாதிரி?” என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் யோசித்துவிட்டு, ‘எல்லாம் சரி’ என்று உயர்த்திய பெருவிரல் படம் அனுப்பினேன்.

அக்கா வேலையால் வந்து நீலச் சைக்கிளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டாள். “டேய், எனக்காகவோ செய்தனி?” என்றாள். நான் குசினிக்குள் ஓடிப் போய்த் தண்ணீர் குடித்தேன். அவள் படம் எடுத்து மாமிக்கு அனுப்பினாள். மாமியிடமிருந்து பதில் வந்தது: “படிச்ச பிள்ளையின்ர கை பட்டா அப்பிடித்தான்.” அம்மா அதை ஒழுங்கை முழுக்கக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சை முடிவுக்குப் பிறகு பிள்ளை இப்போதுதான் மெலிகிறது என்று அம்மா முட்டை பொரித்துத் தந்தார். அதுவும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாமியையும் அத்தானையும் கோவிலிலிருந்து ஏற்றி வந்தது நிசாமின் த்ரீவீல். (அப்பா சொல்லி வைத்தது. இதில் நிசாமும் கூட்டு என்று அவருக்குத் தெரியுமா?) இறங்கும்போதே அத்தான் சைக்கிளைக் கண்டுவிட்டார். அம்மா தந்த பலகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்க் கைபிடியைத் தடவினார்.

“தம்பி, இது என்ர சைக்கிளோ?”

“ஓம் அத்தான்” என்றேன். “அத்தான், உங்களோட ஒரு கதை இருக்கு, தனிய...”

“பிறகு கதைப்பம், பிறகு கதைப்பம். அம்மா, பாருங்கோவன்!”

மாமி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அப்பாவிடம் திரும்பி, “நாங்கள் சீதனம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை” என்றார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வசனம் வந்தால் அதற்குப் பின்னால் ‘ஆனா’ என்று ஒன்று வரும். அப்பா அதற்காகக் காத்திருந்தார். அந்த ‘ஆனா’ வருவதற்குள் அத்தான் முற்றத்திலிருந்து கூப்பிட்டார்.

“வா, ஜெற்றியடிக்கு ஒரு சுத்துப் போட்டு வருவம்.”

அக்காவைத்தான். பெரியவர்கள் முன்னால்! அக்கா வெட்கத்தோடு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாமியைப் பார்த்தார். மாமி, “போகட்டும், போகட்டும், கிட்டத்தானே” என்றார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன் குறுக்குப் பாரில் ஏறப் போனாள்.

எங்கள் ஒழுங்கை, படகுகள் கட்டும் ஜெற்றிப் பக்கம் சரிவாக இறங்குகிறது. இறங்குகிற இடத்தில், மழைத்தண்ணீர் ஓடும் கொங்கிறீற்றுக் கானுக்கு மேலே ஒரு மேடு. அதற்கங்கால் பாறாங்கல், நங்கூரம், கடல். நிசாமைப் பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பு. ஓடிப் போய் த்ரீவீலை ஒழுங்கைக்குக் குறுக்கே விட்டான்.

“எடு நிசாம், போகப் போறம்” என்றார் அத்தான்.

“ஏலாது அண்ணே, பெற்றோல் முடிஞ்சு.”

“எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது!”

நிசாம் எஞ்சினைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டுதான் நின்றது. “ஓம், கடைசிச் சொட்டு” என்று சொல்லிவிட்டு வேறு வழியில்லாமல் ஓரமாக எடுத்தான்.

அக்காவின் ஒரு கை பாரில். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ‘அது அலுமினியம்’ என்ற இரண்டே சொற்கள்தான். வாளிக்குச் சொன்ன சொற்கள். வரவில்லை. சொல்லுக்குப் பதிலாகக் கை வந்தது. அது போய்ச் சைக்கிளைப் பிடித்து இழுத்தது.

“நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்! பிறேக் பாக்கோணும்!”

“நேற்றே பாத்தனான் எண்டு சொன்னனியே?” என்றாள் அக்கா.

“இண்டைக்கும் பாக்கோணும்!”

அக்காவைத் தள்ளிவிட்டு ஏறிவிட்டேன். என் எண்ணம், முப்பது அடி போய் இறங்கி, பிறேக் பிழை என்று சொல்லி, நிசாமின் வண்டியில் ஏற்றி, இந்தச் சனியனை எங்காவது கொண்டுபோய்விடுவது. நல்ல எண்ணம். ஆனால் பிறேக் உண்மையாகவே பிழை. எட்டு நாளும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிறேக் கம்பியை நான் பூட்டவே இல்லை.

சரிவில் சைக்கிள் தானாக இறங்கியது. எனக்குக் கீழே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பப்படம் நொறுங்குவது போல. ஸ்டெல்லா அன்ரி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, “தம்பி, நல்லா ஓடுதோ?” என்றார். அதற்கு நான், “ஓம் அன்ரி” என்று பதில் சொன்னேன். (சாகப்போகும்போதும் மரியாதை.) பிறகு அந்த மேடு வந்தது.

முன்பாதி ஜெற்றிக்குப் போனது. பின்பாதி கானுக்குள் போனது. நான், சீற்றும் அதன் புதுப் பைப்பும் கால்களுக்கிடையில் இருக்க, ஐஸ் அடித்து வைத்திருந்த மீன் பெட்டிகளுக்குள் போனேன். வாய்க்குக் கீழே நாடியில் வெட்டு. முழங்காலில் தோல் இல்லை. காற்சட்டைக்குள் இரண்டு சூடை மீன்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் மாமி. அந்த வயதில் அந்த ஓட்டம் ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தான் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு முறிந்த குழாயை எடுத்தார். உள்ளே பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். எஞ்சின் அறை மனிதர் அல்லவா? முகம் மாறியது.

“தம்பி, இதுக்குள்ள என்ன ஊத்தினனி?”

சொன்னேன். எட்டு நாள் வராதது இப்போது வாந்தி மாதிரி வந்தது. வீடியோ, காந்தம், முன் கவர், செருப்பு ரப்பர், பட்டி, படகுப் பெயின்ற். பதற்றத்தில் சமன்பாட்டையும் சமப்படுத்திச் சொன்னேன்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். “எட்டு நாள்! எட்டு நாளாத் தெரிஞ்சுகொண்டு என்னோட இருந்து சாப்பிட்டனி!”

“சாப்பிடேல்லை அக்கா” என்றேன். உண்மைதான். ஆனாலும் ஒன்று விழுந்தது.

மாமி அத்தானின் கையிலிருந்த குழாயை வாங்கினார். பெருவிரலால் அமத்தினார். அது உள்ளே போனது. சரிவைப் பார்த்தார். பாறாங்கல்லைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது. அக்கா கடையிலேயே கிழவியாகிப் போவாள், நான்தான் காரணம்.

“விசரா!” மாமியின் சத்தத்தில் ஜெற்றியில் இருந்த கொக்கு எழும்பிப் பறந்தது. “உனக்கு அறிவிருக்கோ? என்ர மகனையும் மருமகளையும் கொல்லவோ பாத்தனி?”

முதலில் கவனித்தவர் அப்பா. பள்ளிக்கூடம் போகாத அப்பா அந்த ஒரு சொல்லை, கடலில் வலையில் விழுந்த பாரை மீனை இழுப்பது போல, பதறாமல், அறுக்காமல் பிடித்துக்கொண்டார்.

“உங்கட மருமகளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, சம்மந்தி” என்றார்.

மாமிக்கு இப்போதுதான் தன் வாயில் வந்தது விளங்கியது. திருப்பி எடுக்க முடியாது. ஒழுங்கை முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அன்ரி மீன் கையோடே கும்பிட்டார். மாமி முந்தானையால் என் நாடி இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தெரிஞ்சுகொண்டுதானே ஏறினனி?”

“ஓம் மாமி.”

“வாயால சொல்லியிருக்கலாமே.”

“பயமா இருந்தது மாமி.”

“சாகிறதுக்குப் பயமில்லை, என்னோட கதைக்கப் பயம்!” அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிவிட்டார். மாமி அவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, “வைகாசியில வைப்பம்” என்று அம்மாவிடம் சொன்னார். அந்த ‘ஆனா’ கடைசிவரை வரவே இல்லை.

நாடிக்கு நான்கு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், நிசாமின் வண்டிக்குள், அப்பா என் தையலைப் பார்த்தபடி, “தூணில கட்டுறதுக்கு முதல் நாள் அதை நான்தான் ஒரு கையால தூக்கி வைச்சனான். இரும்பு அவ்வளவு லேசா இராது” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் அப்பா சொல்லேல்லை?”

“நீ படிச்சனி. உனக்குத் தெரியாமலோ எண்டு நினைச்சன்.”

தையல் போடும்போது வலித்ததைவிட அது வலித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு மாற்றம். கரண்ட் பில்லை இப்போதும் என்னிடம்தான் காட்டுகிறார்கள். நான் ‘சரி’ என்றதும் அப்பாவிடமும் ஒருதரம் காட்டுகிறார்கள்.

இப்போது நான் பாடசாலை ஒன்றில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அலுமினியம் பாடம் வரும்போது கை தானாக நாடித் தழும்புக்குப் போகிறது. பிள்ளைகள் அதை ஏதோ யோசனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். எப்போது கப்பல்துறைக்குப் போனாலும் மாமி தேத்தண்ணியைத் தந்துவிட்டு எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். நான் சீனி போட்டுக் கலக்கத் தொடங்கியதும், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பார்: “தம்பி, சீனி மட்டும்தானே கரையுது? கோப்பை இருக்குதோ?” மூத்த பேரன் தவறாமல் மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பான்.

சைக்கிளுக்கு ஈடு வேண்டாம் வேண்டாம் என்றார் அத்தான் அப்போது. அப்பா கேட்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு பிரேம் எடுப்பித்தோம். அதன் விலை, அது வந்த பஸ் கூலி, நிசாமின் சீற் பைப், படகுக்கு மறுபடி வாங்கிய நீலப் பெயின்ற், நசிந்த மீன் பெட்டிகள், ஒரு கிலோ கோஸ்டிக் சோடா, எல்லாவற்றையும் அக்கா ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டினாள். கூட்டியது சரியா என்று என்னிடம் காட்டவில்லை. ஐம்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.